பையிலே கத்தி எதற்கு, தம்பி?

பாடப்புத்தகம் இருக்க வேண்டிய பையிலே பட்டாக்கத்தி! பட்டம் பெறப் புறப்பட்ட பிள்ளை காவல் நிலையத்திலே! சென்னையிலே பல ஆண்டுகளாக இக்கொடுமையைக் காண்கிறோம், கலங்குகிறோம்.

சண்டை எதற்காக? சொத்துக்கா? இல்லை. கொள்கைக்கா? அதுவும் இல்லை. நீ எந்தக் கல்லூரி, உன் பேருந்து எந்தத் தடம் என்பதற்காக! தடத்துக்கொரு தலைவன், அவனுக்கு 'ரூட்டு தல' என்று பட்டம். படித்துப் பெற்ற பட்டமல்ல; பயந்தவர்கள் சூட்டிய பட்டம்!

'பஸ் டே' கொண்டாட்டத்துக்கு 2011-ல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஆனாலும் 2019 ஜூனில் பேருந்துக் கூரைமீது ஏறி ஆடினர். வண்டி சட்டென நின்றதும் கொத்தாகச் சாலையில் விழுந்தனர். 2024 அக்டோபரில் சென்ட்ரல் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சில நாட்களில் இறந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இறந்தவனும் மாணவன், சிறை புகுந்தவனும் மாணவன். இரு பக்கமும் அழுதவள் தாய்!

எப்படிப்பட்ட கல்லூரிகள் இவை! 1840-ல் தோன்றிய மாநிலக் கல்லூரி, சர் சி.வி. இராமன் பயின்ற இடம். 1842-ல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த பச்சையப்பன், அறிஞர் அண்ணா பயின்ற இடம். அவர்கள் தந்த பெருமையைக் கத்தி முனையிலா காப்பாற்றுவது?

தனியே இருக்கையில் செய்யக் கூசுவதை மாணவன் கூட்டத்திலே செய்கிறான். ஏன்? கூட வராவிட்டால் 'கோழை' என்பார்களே என்ற அச்சம்! அந்தச் சொல்லுக்கு அஞ்சிக் கத்தி எடுப்பவன் வீரனா? "வேண்டாமடா, நான் வரமாட்டேன்" என்று கூட்டத்தின் நடுவே நின்று சொல்பவனே வீரன். தன் கையை அடக்கியவன், நண்பன் கையையும் தடுத்தவன், அவனே தோழன்.

ஆலையிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தும் தோழர்களே! கல் விழுந்து உடைவது நம் வரிப்பணத்தில் ஓடும் பேருந்தின் கண்ணாடி. அடி வாங்குவது நம்மைப்போல் உழைக்கும் ஓட்டுநர், நடத்துநர். அரசு வேலைக்குக் காவல்துறை விசாரணை உண்டு. வழக்கு அங்கே குறுக்கே நிற்கும். நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் கரைந்து போகும்.

"மார்க்கு எவ்வளவு?" என்று கேட்பது மட்டும் போதாது. "உன் நண்பன் யார்? அவனை வீட்டுக்கு அழைத்து வா, சாப்பிடட்டும்" என்று சொல்லுங்கள். அடுத்த கல்லூரி நண்பனையும் அழையுங்கள். ஒரே பந்தியில் உண்டவன்மீது கத்தி வீச எவனுக்கும் எளிதில் கை எழாது!