பிழையான விடை

சுவிற்சர்லாந்திலே 1896இல் பிறந்த ஜீன் பியாஜே இளமையில் உயிரினங்களிடம் மனத்தைப் பறிகொடுத்தவர். வெண்மை படர்ந்த சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1907இல் அச்சேறியது. நத்தையினங்களை ஆராய்ந்து 1918இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவரை உளநூலின்பால் ஈர்த்தவை பாரிஸ் நகரச் சிறுவரின் பிழைகளே. அங்கே நுண்மதிச் சோதனைகளை நடத்துகையில், ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகத் தவறக் கண்டார். சரியான விடைகளை எண்ணுவதோடு அமையாது, அவர்கள் அவ்வாறு எண்ணியது ஏனென வினவலானார். பிள்ளையின் சிந்தனைக்கும் தனியொரு நியாயம் உண்டென்பது புலனாயிற்று. 1921இல் ஜெனீவாவின் ரூசோ நிலையத்தில் சேர்ந்தவர், 1980இல் மறையும்வரை அவ்வினாவை விட்டாரல்லர்.

நாம் சிவப்பு மையினாற் கீறித் தள்ளும் விடையிலேதான் சிலவேளை ஒரு பிள்ளையின் மனம் திறந்து கிடக்கிறது. ஆசிரிய நண்பர்களே, கீறுமுன் ஒருமுறை ஏனென்று கேட்போம். கேட்கப்பட்ட பிள்ளையே நாளை உளநூல் பயில விழையவுங் கூடும்.