எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் கம்ப்யூட்டர் ஓடவில்லையா?



கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் நம் பசுவந்தனைப் பக்கம் சொல்லுகிற வார்த்தை ஒன்றுதான். "போர்டு போச்சு." போர்டு என்றால் மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை. போர்டு போச்சு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடுவதில்லை. மூலையில் தள்ளி, மேலே பழைய நோட்டுக் கட்டுகளை அடுக்கிவிடுவார்கள். நம் பள்ளியின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் அந்த நிலைமைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கிறவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கு டீச்சர் சேர்த்து வைத்திருந்த பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதனால் அது ஓடுமா ஓடாதா என்பது பல பேருக்குக் கவலையாக இருந்தது.

முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்றால் என்ன என்று பார்ப்போம். 'ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை' என்பதன் சுருக்கம் அது. கேபினெட்டின் பின்பக்கம், கரண்ட் ஒயர் செருகுகிற இடத்தில் ஃபேன் வைத்த ஒரு தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கம்ப்யூட்டருக்கு உள்ளே வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரம். பழைய ரேடியோவில் இந்த வேலையைக் கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் செய்தது. எஸ்.எம்.பி.எஸ். வேறு மாதிரி. வருகிற கரண்டை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்திசையாக மாற்றிக்கொள்ளும். பிறகு அதை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடும். சுவர் கரண்ட் நொடிக்கு 50 சுற்றுதான். அவ்வளவு வேகமாக வெட்டும்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற டிரான்ஸ்பார்மரே போதுமாம். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற என்ஜினீயர் இந்த முறையில் செய்த பவர் சப்ளை பேர் பெற்றது. அது சூடு குறைவாக இருந்ததால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஃபேனே வைக்கவில்லை.

நம் கம்ப்யூட்டரில் பழைய எஸ்.எம்.பி.எஸ். எரிந்தது ஒரு சாயங்காலம். டியூப் லைட் எல்லாம் திடீரென்று பளீரென்று எரிந்தன, ஃபேன் பறக்கிற மாதிரி சுற்றியது, அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாடை. இது நியூட்ரல் ஒயர் அறுந்தால் வருவது. போஸ்டில் மூன்று பேஸ் ஒயரும் ஒரு நியூட்ரலும் போகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதிலாக 300, 350 என்று ஏறிவிடும். சாதாரண எஸ்.எம்.பி.எஸ். 264 வோல்ட் வரை தாங்குகிற மாதிரிதான் செய்யப்படுகிறது. லைட் அளவுக்கு மீறி எரிந்தால் வேடிக்கை பார்க்காமல் மெயினை அணைக்க வேண்டும் என்று எங்கள் அப்பா சொல்வார்.

கோவில்பட்டியிலிருந்து புது எஸ்.எம்.பி.எஸ். வந்தது. மாட்டினவர் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. பீப் சத்தம்கூட இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "எஸ்.எம்.பி.எஸ். புதுசு டீச்சர், அதுல குத்தம் இல்ல. போர்டு போச்சு. மாத்துனா நாலாயிரத்துக்கு மேல ஆகும், அதுக்குப் பழைய சிஸ்டமே ஒண்ணு வாங்கிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் அறிவியல் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபேன் சுத்துதுல்ல? எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியாத்தான் போர்டச் சொல்லணும்" என்றார்கள். மறுநாள் மதியம் எங்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு கேபினெட்டைக் கழற்றினார்கள்.

தொடுவதற்கு முன் டீச்சர் சொன்னது, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிளக் செருகி இருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். ஊதா நிற ஒயரில் வருவது அதுதான். இன்னொன்று, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து. பொறுமை இல்லாத பையன்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

கம்ப்யூட்டரின் முன்னால் இருக்கிற பவர் பட்டன் வீட்டுச் சுவிட்சு மாதிரி கரண்டைச் சேர்த்துப் பிரிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பட்டனை அமுக்கினால் போர்டுக்குத் தகவல் போகும், போர்டு பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு இணைக்கும், அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக விழிக்கும். எல்லா வோல்டேஜும் சரியாக நின்ற பிறகு சாம்பல் நிற ஒயர் வழியாக 'தயார்' என்று பதில் அனுப்பும். ஒரு நொடியில் பாதிகூட ஆகாது. அந்தப் பதில் வரும் வரை பிராசஸர் அசையாது.

எஸ்.எம்.பி.எஸ். மட்டும் தனியாக நன்றாக இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் ஒரு ஜெம் கிளிப்பை எடுத்தார்கள். எல்லா ஒயரையும் போர்டிலிருந்து கழற்றி, பெரிய பிளக்கில் பச்சை ஒயர் ஓட்டையையும் பக்கத்துக் கறுப்பு ஒயர் ஓட்டையையும் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகு கரண்ட் கொடுத்தார்கள். ஃபேன் சுற்றியது. இதில் ஷாக் அடிக்காது, வெறும் 5 வோல்ட்தான். ஆனால் ஓட்டை மாறினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கேடு, அதனால் பெரியவர்கள் இல்லாமல் செய்ய வேண்டாம். சில புது எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருகின்றன, அவற்றில் நிறத்தை நம்ப முடியாது.

பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்சு சில பெட்டிகளில் இருக்கும். அதில் 115, 230 என்று போட்டிருக்கும். அமெரிக்கா மாதிரி 120 வோல்ட் நாடுகளுக்காக வைத்தது. நம் ஊரில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம் கரண்டைக் கொடுத்தால் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வெடித்துவிடும். எங்களுடையதில் அந்தச் சுவிட்சே இல்லை, அதுவாகப் பார்த்துக்கொள்ளும் வகை.

இப்போது முக்கியமான இடம். பெரிய பிளக்கை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தபோது அது சரிதான், 20 பின் உள்ள அந்த ஒரு பிளக்கே போர்டுக்குப் போதும். 2000-ல் பென்டியம் 4 வந்தது. அந்தப் பிராசஸருக்கு 12 வோல்ட் கரண்ட் நிறைய வேண்டியிருந்ததால், அதற்கென்று தனியாக நாலு பின் பிளக் ஒன்றைச் சேர்த்தார்கள். சதுரமாக இருக்கும், இரண்டு மஞ்சள் ஒயர், இரண்டு கறுப்பு ஒயர். 2003-க்குப் பிறகு பெரிய பிளக்கும் 24 பின் ஆனது. சில போர்டுகளில் நாலுக்குப் பதில் எட்டுப் பின் இருக்கும்.

அந்தச் சதுர பிளக்கை மாட்டாவிட்டால் என்ன ஆகும்? ஃபேன் சுற்றும், லைட் எரியும், பிராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது. படமும் வராது, சத்தமும் வராது. பார்க்கிறவருக்குப் போர்டு செத்துப்போன மாதிரியே இருக்கும். எங்கள் தெரு தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஒரு பேஸ் வராவிட்டால் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்குமே, தண்ணீர் ஏறாதே, அது போல.

நம் கம்ப்யூட்டரில் அதே கதைதான். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயர்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுக்குள்ளேயே சதுர பிளக் மடங்கிக் கிடந்தது. போர்டில் பிராசஸர் ஃபேனுக்குப் பக்கத்தில் அதற்கான இடம் காலியாக இருந்தது. மாட்டும்போது 'க்ளிக்' என்று கொக்கி விழ வேண்டும்.

மாட்டி, பட்டனை அமுக்கியதும் படம் வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆனால் இப்போது 'பீப்... பீப்...' என்று விடாமல் கத்தியது. நாங்கள் பயந்தோம், டீச்சர் சந்தோஷப்பட்டார்கள். கத்துகிறது என்றால் பிராசஸர் உயிரோடு இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துப் பார்க்கும், குறை இருந்தால் பீப் சத்தத்தில் சொல்லும். சத்தக் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும் என்றாலும், விடாமல் கத்தினால் பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியது ரேம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மாட்டும்போது கை பட்டு ரேம் லேசாகத் தூக்கிக்கொள்வது உண்டு. போதாததற்கு நம் கரிசல் புழுதி வேறு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றினோம். அதன் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கிற பட்டைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்தோம். (ரப்பர் என்னுடையது. இப்போது கறுத்துவிட்டது, பரவாயில்லை.) ஸ்லாட்டில் இருந்த தூசியைச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினோம். இரண்டு பக்கக் கொக்கியும் தானாக மூடும் வரை அழுத்தி மாட்டினோம். ஒரே ஒரு சின்ன 'பீப்', மானிட்டரில் எழுத்து வந்தது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் இருந்தது. அது போர்டில் இருக்கிற வட்டப் பேட்டரி தீர்ந்ததால். 2032 என்று நம்பர் போட்ட 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது.

இவ்வளவு பார்த்தும் ஓடாத கம்ப்யூட்டரும் இருக்கும். அப்போது முன்பட்டனிலிருந்து போர்டுக்கு வருகிற மெல்லிய ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம். போர்டில் நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், பூரி மாதிரி உப்பியிருந்தால் கெட்டுவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பலவற்றில் இந்தக் கோளாறு உலகம் முழுக்க இருந்தது. இன்னொரு விஷயம், பிளக் பொருந்துவதால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ். பொருந்திவிடாது. டெல் கம்பெனி 1990-களின் பிற்பகுதியில் விற்ற சில கம்ப்யூட்டர்களில் பிளக் பார்க்க எல்லோருடையதும் போலவே இருக்கும், உள்ளே ஒயர் வரிசை மட்டும் வேறு. சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் மாட்டினால் போர்டு நிஜமாகவே போய்விடும். போர்டு போனாலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அழிவதில்லை, டிஸ்க் கெடாமல் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துவிடலாம். தூக்கிப் போடுவதற்கு முன் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு ஒரு புதுப் பிரச்சினை. கேபினெட் தகரத்தைத் தொட்டால் விரலில் 'சுர்ர்' என்று பிடித்தது. எஸ்.எம்.பி.எஸ். வாசலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை வழியே மிகச் சிறிய கரண்ட் தகரத்துக்கு வந்து, எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். எர்த் சரியில்லை என்றால் அது போக வழி இல்லாமல் நம் மேல் வருகிறது. இதனால் ஆபத்து குறைவுதான், ஆனால் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம். பேஸ் ஒயரே ஒரு நாள் தகரத்தில் பட்டால் காப்பாற்றுவது அந்த எர்த்தான்.

எர்த் கம்பியைப் போய்ப் பார்த்தோம். நம்முடையது கரிசல் மண் அல்லவா, மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கம்பியைச் சுற்றி மண் விலகி விரல்கடை இடைவெளி. காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. டீச்சர் எலக்ட்ரீசியனை வரவழைத்தார்கள். அவர் கம்பியைச் சுற்றித் தோண்டி, கரியும் உப்பும் போட்டு மண்ணை இறுக்கித் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு சுர்ர் இல்லை. பங்குனி முதல் ஆவணி வரை வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் என்று எங்கள் வகுப்பில் முறை போட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பில் யாராவது சேர விரும்பினால் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி