உங்களுக்குத் தெரியுமா? சுழலும் புல்லியில் நிற்கும் கோடு

நிமிடத்துக்கு 700 முறை சுழலும் கிராங்க் புல்லி. அதில் கீறிய கோடு மட்டும் அசையாமல் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும்! பழைய செவ்ரோலே வி8 பிக்கப்பில் இக்னிஷன் டைமிங் பார்ப்பது இப்படித்தான்.

• டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுவார்கள். அந்தப் பிளக் பொறி விடும்போதெல்லாம் விளக்கு வெட்டும்: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு 350 தடவை. ஒவ்வொரு வெட்டுக்கும் கோடு அதே இடத்துக்கு வந்திருக்கும்.

• முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, வாயை அடைக்க வேண்டும். மறந்தால் அளவு தப்பக்கூடும்.

• மேடேறும்போது 'டிக் டிக்' என்று தட்டுகிறதா? பொறி முந்திப் போயிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரை, ரோட்டர் சுழலும் திசையிலேயே இம்மியளவு திருப்பினால் பொறி பிந்தும். இந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தவே கூடாது. முற்றினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.