இன்னொருவர் கண்

கணினிக்கு ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்த்த பின்பே வெளியிடுவது நல்ல முறை. எவரும் படிக்கக்கூடிய லினக்ஸ் நிரலில், பொறுப்பாளர் ஒப்பாத திருத்தம் நுழையாது. புதிய பதிப்பு வரச் சுமார் பத்து வாரமாகும். வணிக நிறுவனங்கள் சில, நாளுக்குப் பலமுறை வெளியிடுகின்றன. அவ்வேகத்தை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு நிறுவனத்தில், எட்டுக் கணினிகளுக்குரிய புது நிரலை ஏழில் மட்டுமே ஏற்றினர்; சரிபார்க்க இரண்டாம் ஆள் இல்லை. 2012 ஆகஸ்டு 1ஆம் நாள், எட்டாவதில் கிடந்த பழைய நிரல் கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்!

திறந்த நிரலுக்கும் ஆள் வேண்டுமே! இணையத்துக்குப் பூட்டுப் போன்ற ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012இல் வெளியான பிழை, ஒருவர் சரிபார்த்தும் தப்பியது. 2014 ஏப்ரலில்தான் உலகம் அறிந்தது. அதன் பிறகே பெருநிறுவனங்கள் பணம் போட்டு முழுநேர ஆட்களை அமர்த்தின.