ஏறுமுன் பேசுங்கள், ஏமாந்தால் கோவையிலேயே கேளுங்கள்

கணபதி, சரவணம்பட்டி, ரத்தினபுரி பக்கத்துக் குடும்பங்களுக்கு ராமேஸ்வரம் புதிய ஊர் இல்லை. பெரியவர்களுக்குத் திதி கொடுக்கவும், பிள்ளைகளுக்குக் கடல் காட்டவும் வருடத்துக்கு ஒருமுறையாவது போகிறவர்கள் உண்டு. கோவையிலிருந்து வாரம் ஒருமுறை ஓடும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். தீர்த்தமாடித் தரிசனம் முடிந்ததும் கையில் அரை நாள் மிஞ்சும். "வாங்க சார், அரை நாள் ரவுண்டு, எல்லா இடமும் காட்டிடுறேன்" என்று ஆட்டோ வந்து நிற்பது அப்போதுதான்.

பெரும்பாலான பயணங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. முடியாதபோது கொங்கு நாட்டார் பலரும் சொல்வது ஒன்றுதான்: "உடுங்க, வெளியூர்ல போயி ஆரு அலையறது?" கூடுதலாகப் பிடுங்கிய முந்நூறு ரூபாயும் போகிறது, சில சமயம் கை கால் முறிந்ததற்கான இழப்பீடும் போகிறது. ஆனால் வெளியூரில் நடந்ததற்கு உள்ளூரிலேயே கேட்கலாம் என்று சட்டம் தெளிவாக வழி வைத்திருக்கிறது.

"எல்லா இடமும்" என்றால் எவ்வளவு?

சண்டை பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களில்தான் தொடங்குகிறது. ராமேஸ்வரம் தீவில் பார்க்க வேண்டிய இடங்கள் எதிரெதிர்த் திசைகளில் கிடக்கின்றன. மேற்கே பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், வில்லூண்டி தீர்த்தம், அதையும் தாண்டிப் பாம்பன் பாலம். தென்கிழக்கே கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. ராமர் பாதம் ஊரை ஒட்டியே இருக்கிறது. கோயிலிலிருந்து அரிச்சல்முனைக்கு ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். பாம்பனுக்கு வேறு பத்து கிலோமீட்டருக்கு மேல். இரண்டு திசையும் சேர்த்து ஒரே தொகை பேசினீர்களா, ஒரு திசைக்கு மட்டுமா என்பது ஏறும்போது தெளிவாகாவிட்டால், இறங்கும்போது இருவருமே தங்கள் பக்கம்தான் நியாயம் என்பார்கள்.

தனுஷ்கோடி விஷயத்தில் இன்னொன்று. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கு வெகுகாலம் மணலில் ஓடும் வேன்களில்தான் போக முடிந்தது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017 ஜூலை 27 அன்று. இப்போது ஆட்டோவே முனை வரை போகிறது. "ரோடு இல்லை, அங்கே வேறு வண்டிக்குத் தனிப் பணம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாலையில் முனைப் பக்கம் வண்டிகளை விடுவதில்லை. அதனால் மதியத்துக்குப் பின் புறப்பட்டால் முதலில் தனுஷ்கோடி, பிறகு மற்றவை என்று வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள். வரிசை மாறி, போலீஸ் திருப்பி அனுப்பி, பேசிய தொகையையும் கொடுத்துவிட்டு வருவது அங்கே புதிதல்ல.

கட்டணத்துக்கு எது அளவுகோல்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவு ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. 2013 ஆகஸ்டில் சென்னைக்கு அரசு அறிவித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருக்க 5 நிமிடத்துக்கு 3.50 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. பெட்ரோல், கேஸ், உதிரிபாகம், இன்சூரன்ஸ் எல்லாம் ஏறியும் கட்டணம் ஏறவில்லை என்ற ஆட்டோக்காரர்களின் குறை நியாயமானதுதான். அந்தக் குறையோடு 2025 பிப்ரவரியில் சென்னை ஆட்டோ சங்கங்கள் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன. அது அரசாணை அல்ல.

இவை சென்னைக் கணக்கு. ராமேஸ்வரத்தில் மீட்டர் போட்டு யாரும் சுற்றிக் காட்டப் போவதில்லை. ஆனாலும் பேரம் பேச ஒரு அடி வேண்டும் அல்லவா? தனுஷ்கோடி போய் வர 45 கிலோமீட்டர், இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்று வையுங்கள். 2013 கட்டணப்படி ஏறக்குறைய 630 ரூபாய். சங்கங்கள் கேட்ட கட்டணப்படி காத்திருப்பு இல்லாமலே 830-ஐ ஒட்டி வரும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், கேட்கும் தொகை உழைப்புக்கான கூலியா, ஊர் தெரியாதவர் என்பதற்கான விலையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேட்ட தொகை குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். சங்குக் கடை, பாசிமணிக் கடை, சாப்பாட்டுக் கடை என்று நிறுத்திக்கொண்டே போனால், வாடகையில் குறைத்தது கமிஷனில் ஈடாகிறது என்று பொருள். கடையில் நிறுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தீர்த்தமாடவும் தரிசனத்துக்கும் சீட்டைக் கோயில் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். "தெரிந்த ஆள் இருக்கிறார்" என்பவரிடம் வேண்டாம்.

மூன்று பேர் வண்டியில் ஆறு பேர்

பணம் போனால் சம்பாதிக்கலாம். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பயணிகள் ஆட்டோவின் பர்மிட் ஓட்டுநர் தவிர மூன்று பேருக்கு. "அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்றதும், ஒருவரை ஓட்டுநர் பக்கத்திலும் இருவரை மடியிலும் ஏற்றிக்கொண்டு கடற்காற்று வீசும் சாலையில் கிளம்பிவிடுகிறோம். இன்னொரு ஆட்டோவுக்கான சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவு, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. கூடுதல் பயணிகளை இறக்கி, அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யும்வரை வண்டி நகரக் கூடாது. தனுஷ்கோடிச் சாலையில் நடுவெயிலில் அது நடந்தால் நிற்கப்போவது உங்கள் குடும்பம்.

விபத்து என்றால் நிலைமை இன்னும் மோசம். இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதியுள்ள பஸ்ஸில் 90 பேர் பயணம் செய்து விபத்தில் சிக்கிய வழக்கில், 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு 42 பேர் அளவுக்குத்தான். இருப்பதிலேயே பெரிய 42 இழப்பீட்டுத் தொகைகளின் மொத்தத்தை அது செலுத்த வேண்டும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம் கேட்க வேண்டும். மூன்று பேர் ஆட்டோவில் ஆறு பேர் போனால் இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். ஒரு ஆட்டோ உரிமையாளரிடம் லட்சக்கணக்கில் வசூலிப்பது எவ்வளவு நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரிச்சல்முனையில் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். இரு பக்கமும் கடல் சேரும் இடம், நீரோட்டம் இழுக்கும். அங்கே நடக்கும் விபத்துக்கு ஆட்டோவின் இன்சூரன்ஸ் எதற்கும் உதவாது.

ஏறுமுன் ஐந்து நிமிடம்

• வண்டியின் நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ராமநாதபுரம் மாவட்ட வண்டி என்றால் டிஎன் 65 என்று தொடங்கும்.

• எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் இன்சூரன்சும் தகுதிச் சான்றும் எந்தத் தேதிவரை என்று தெரியும். காலாவதியான வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

• எந்தெந்த இடங்கள், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு, பார்க்கிங் கட்டணம் யார் பொறுப்பு, நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு: இந்த ஐந்தையும் ஓட்டுநரின் எண்ணுக்கே வாட்ஸ்அப் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். அதுவே உங்கள் ஒப்பந்தம்.

• முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். தருவதை ஜிபே போன்ற செயலி வழியாகத் தந்தால் பெயரும் நேரமும் பதிவாகும்.

• மது வாசனை வந்தால் பேரமே வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.

அந்த இடத்திலேயே தகராறு வந்தால்

பேசியதற்கு மேல் கேட்டால் வாட்ஸ்அப் பதிவைக் காட்டி, பேசிய தொகையை மட்டும் கொடுங்கள். குரல் உயர்ந்தால், பையை எடுக்க விடாமல் மறித்தால், மிரட்டினால் 112-ஐ அழையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது வாடகைத் தகராறு அல்ல, குற்றம். பெண்கள் 181-ஐயும் அழைக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று மத்திய அரசு நடத்தும் 1363 என்ற எண்ணும் உண்டு.

வர மறுத்தாலோ நடுவழியில் இறக்கிவிட்டாலோ? அனுமதி பெற்ற வாடகை வண்டி முறையின்றிப் பயணியை மறுப்பது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-வது பிரிவின்படி குற்றம். ஆனால் மூன்று சக்கர வண்டிக்கு அதற்கான அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான். 2019 திருத்தத்தில் மற்ற வாடகை வண்டிகளுக்கு அபராதம் கூடியது, ஆட்டோவுக்கு அப்படியே நின்றுவிட்டது. இந்த அபராதத்தைவிட ஓட்டுநர் அஞ்சுவது பர்மிட் மீது வரும் புகாருக்குத்தான். எனவே ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு வண்டி எண், தேதி, நேரம், பேசியது, நடந்தது என்று ஐந்து வரியில் புகார் அனுப்புங்கள். பதிவுத் தபால் போதும், நேரில் போக வேண்டியதில்லை. முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதியலாம்.

விபத்து நடந்தால்

முதலில் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துகளுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். இதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணமில்லாச் சிகிச்சைக்கு வழி உண்டு.

"கேஸ் வேண்டாம், நானே செலவு பார்த்துக்கிறேன்" என்று ஓட்டுநர் கெஞ்சுவார். மனம் இளகினாலும் வழக்குப் பதியாமல் விடாதீர்கள். எப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் பிறகு இன்சூரன்சில் நிரூபிப்பது பெரும்பாடு. பதிந்தால் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனம்தான் பணம் தரும், அது அவருக்கும் நல்லது. அங்கேயே பதிய முடியாமல் ஊர் திரும்பிவிட்டால் கோவைக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்கிறது. எண்ணில்லா எப்.ஐ.ஆராகப் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள்.

கோவையிலேயே கேட்கும் வழி

விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். கணபதியில் குடியிருப்பவருக்கு அது கோவை நீதிமன்றத் தீர்ப்பாயம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-வது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெறலாம். உங்களுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று கோவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு அங்கே வழக்கறிஞரும் இலவசம். தொலைபேசி எண் 15100.

பணத் தகராறுக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ விவகாரம் நடந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. 2020 ஜூலை முதல், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். அதாவது கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கேட்டும் ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள்.

முந்நூறு ரூபாய்க்கு நுகர்வோர் வழக்கு தேவையா என்று கேட்டால், தேவையில்லை. அதற்குப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு கடிதம் போதும். ஓட்டலோ டிராவல்ஸோ முன்பதிவாக ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சொன்ன வண்டியை அனுப்பாவிட்டால் வழக்குத் தகும்.

இதெல்லாம் ராமேஸ்வரத்துக்கு மட்டுமானதல்ல. கன்னியாகுமரி, மாமல்லபுரம், நாகூர் எங்கே போனாலும் இதே சட்டம்தான். நம் ஊரில் மருதமலைக்கும் பேரூருக்கும் ஆட்டோ பேசும் வெளியூர்க்காரருக்கும் இதே உரிமை உண்டு. கணபதி ஸ்டாண்டில் வண்டி ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்தால் ஊருக்கே நல்ல பெயர். அடுத்த முறை கிளம்பும்போது 112, 108, 1915, 15100 என்ற நான்கு எண்களையும் போனில் சேமித்துவிட்டு ஏறுங்கள். ஏமாந்துவிட்டால் "உடுங்க" என்று விடாமல், ஊர் திரும்பிய வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.