எழுந்து நிற்கும் வலிமை

எங்கள் முதியோர் நலப் பிரிவில் பயிற்சி முடித்துச் செல்லும் மாணவர்கள், தாம் கற்றதை ஒரு பக்க அளவில் எழுதித் தருவது வழக்கம். அண்மையில் ஒரு மாணவி எழுதிய குறிப்பு, மருத்துவர்களைவிடக் குடும்பத்தினருக்கே மிகுதியும் பயன்படும் என்று தோன்றியது.

நுரையீரல் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட பெரியவர் ஒருவரை அவர் கவனித்துவந்தார். பத்தாம் நாளில் காய்ச்சல் இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் சீராக இருந்தன. ஆயினும் துணையின்றிக் கழிப்பறைக்குச் செல்ல அவரால் இயலவில்லை. மகள் உணவை ஊட்டினார். மகன் எழ விடாமல் தாங்கிக்கொண்டார். "நோய் குணமாகிவிட்டது, ஆனால் நடையை இழந்துவிட்டார். அன்பே அவரைக் கட்டிலில் கட்டிவைத்துவிட்டதோ?" என்று மாணவி கேட்டிருந்தார்.

கேள்வி சரியானதே. ஆரோக்கியமான முதுமை என்பது நோயே இல்லாத நிலை அன்று. தமக்கு முக்கியமானவற்றைத் தாமே செய்துகொள்ளும் திறன் நிலைத்திருப்பதே என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிக்கையில் விளக்கியது. அத்திறனுக்கு அடிப்படை தசை வலிமை. உடல்நலமுள்ள முதியோரே 10 நாள் படுக்கையில் இருந்தால், கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழக்கக்கூடும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. நோயுற்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இழந்ததை மீட்கவும் முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் காப்பகத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி அளித்தனர். அவர்களின் தசை வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியதாக 1990இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில. மருத்துவர் அனுமதித்ததும், பெரியவரை நாற்காலியில் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை, அருகில் ஒருவர் நிற்க, நாள்தோறும் இயன்ற அளவு செய்யட்டும். புரதம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். கஞ்சியும் ரசம்சாதமும் மட்டும் இதற்குப் போதா. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இவ்வளவைப் பின்பற்ற வேண்டும்.

கழிப்பறையில் கைப்பிடியும் இரவில் விளக்கும் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியும் காதொலிக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் ஒரே பையில் இட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகள் தலைச்சுற்றலையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கலாம்.

வீடு திரும்பும் நாளில், "எந்த மாத்திரையை எப்போது தருவது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "சேர்வதற்கு முன் நடந்த அளவு இப்போது நடக்கிறாரா? இல்லையெனில் என்ன செய்ய வேண்டும்?" என்பதையும் தவறாமல் கேளுங்கள். தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள அவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் காத்திருப்பதும் பணிவிடையே.