காலையில் ஸ்டார்ட் ஆகாத ஸ்போர்ட்ஸ் கார்: பம்ப்பை மாற்றும் முன் பிரஷரைப் பாருங்க!

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழெட்டு விநாடி கழித்துத்தான் இன்ஜின் உறுமுகிறது. ‘ஃப்யூல் பம்ப் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். காசைக் கொட்டி மாற்றிய பிறகும், மறுநாள் காலையில் அதே கதை என்றால்?

பெட்ரோல் பிரஷர் கோளாறில் இருக்கும் சிக்கலே இதுதான். அறிகுறி ஒன்று, குற்றவாளிகள் பலர். யார் என்று கண்டுபிடிக்க ஒரு பிரஷர் கேஜும் கொஞ்சம் பொறுமையும் போதும். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் செவ்ரோலெட் கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ‘சி4’ தலைமுறையின் 1985 முதல் 1991 வரையிலான மாடல்கள், 5.7 லிட்டர் வி8 இன்ஜின். இன்றும் பலர் வீட்டு கராஜிலேயே பழுது பார்க்கும் கார் இது.

கேஜை எங்கே மாட்டுவது?

இன்ஜின் மேலே, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் (ஃப்யூல் ரெயில்) ஒரு சின்ன வால்வு இருக்கும். டயரில் காற்றடிக்கும் வால்வு மாதிரியேதான். மூடியைக் கழற்றி கேஜைத் திருகிவிடலாம்.

அதற்கு முன்னால் பாதுகாப்பு. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். மாட்டும்போது கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். வால்வைச் சுற்றித் துணி வைத்துப் பிடியுங்கள். ஷட்டரை முழுசாகத் திறந்து வையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் 2 விநாடி

பேட்டரியை மறுபடி இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து 2 விநாடி ‘உய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். கேஜ் ஏறக்குறைய 41 முதல் 47 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும்.

சத்தமே இல்லை, முள் பூஜ்ஜியத்தில். ஆனாலும் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடித்தால் கார் கிளம்புகிறதா? பம்ப் நன்றாகவே இருக்கலாம். சந்தேகப்பட வேண்டியது ரிலேவை. இந்தக் காரில் பம்ப்புக்கு கரண்ட் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரிலே. இன்னொன்று இன்ஜின் ஆயில் பிரஷர் சுவிட்ச். ரிலே செத்துவிட்டால், செல்ஃப் சுற்றிச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறிய பிறகு அந்த சுவிட்ச் பம்ப்பை ஓட வைக்கும். மாற்ற வேண்டியது சின்ன ரிலே, அல்லது அதன் வயரிங். பலர் மாற்றுவதோ பம்ப்பை!

முள் ஏறி இறங்கினால்?

சத்தம் வருகிறது, பிரஷரும் ஏறுகிறது. பம்ப் நின்றதும் முள் சரசரவென்று விழுகிறது. கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் கவலை இல்லை. விழுந்துகொண்டே போனால் பெட்ரோல் எங்கோ கசிகிறது. காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆவதற்கு இதுவும் காரணம்.

எங்கே கசிகிறது? சாவியை மறுபடி ஆன் செய்து, பம்ப் நின்ற உடனே டேங்கிலிருந்து வரும் லைனை அடையுங்கள். முள் நின்றுவிட்டால் கோளாறு டேங்க் பக்கம்: பம்ப்பில் இருக்கும் செக் வால்வு, அல்லது டேங்குக்குள் பம்ப்பை இணைக்கும் சின்ன ஹோஸ். நிற்கவில்லையா? அடுத்த முறை டேங்குக்குத் திரும்பும் லைனை அடையுங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால், ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. ரப்பர் ஹோஸ் பகுதியில் மட்டும் அதற்கான கிளாம்ப்பைப் போடுங்கள். உலோகக் குழாயை நசுக்கிவிடாதீர்கள்.

ரெகுலேட்டரை மாட்டிவிட இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அதில் செருகியிருக்கும் மெல்லிய வேக்குவம் ஹோஸை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால், டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. வேற டெஸ்ட்டே வேண்டாம்.

ஓடும்போது மட்டும் திணறினால்

ஐடிலில் பிரஷர் 3 முதல் 10 பிஎஸ்ஐ வரை குறைவாகக் காட்டும். அது கோளாறு அல்ல. வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் மறுபடி ஏற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் ஏறத்தான் வேண்டும். ஏறாமல் சரிந்தால், முதலில் காருக்கு அடியில் உள்ள ஃப்யூல் ஃபில்டரை மாற்றுங்கள். செலவு குறைவு, பல வருஷமாக யாரும் தொட்டிருக்கவும் மாட்டார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் பம்ப்.

நல்லவேளை, சி4-ல் பம்ப்பை எடுக்க டேங்கைக் கீழே இறக்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஊற்றும் மூடி வழியாகவே மேலே எடுத்துவிடலாம். வெளியே வந்ததும் முதலில் அந்தச் சின்ன ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் அதை மாற்றினாலே போதும். ஆனால், பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கத் தயாரான ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஃப்யூல் ஹோஸ் வெளிப்புறம் ஊறிக் கெட்டுவிடும்.